வரலாமா என்று கேட்டு ஒரு கடிதம்

எங்கள் அலுவலகத்தில் யாராவது வேலை நிமித்தமாக வெளிநாடு போவதாக இருந்தால், அதற்கான கடிதங்கள் என் மேசைக்கு வந்துவிடும். என் பதவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்போதோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பொறியாளர் இயந்திரம் பார்க்கப் போவார், ஆய்வுப் பிரிவிலிருந்து ஒருவர் கருத்தரங்குக்குப் போவார், விற்பனைக்காரர் வாடிக்கையாளரைச் சந்திக்கப் போவார். காரியம் வேறுவேறு. என்னிடம் சொல்வது மட்டும் ஒன்றேதான்: "கொஞ்சம் மரியாதையா எழுதிக் கொடுங்க."

மரியாதை என்று அவர்கள் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் அடைமொழிகளை. தங்களின் மேலான நிறுவனம், தங்களின் பொன்னான நேரம், பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம், மிகுந்த நன்றிக்கடன்பட்டிருப்போம். இதையெல்லாம் படிக்கிறவர் மூன்று பத்தி தாண்டியும், இவர்கள் எத்தனை பேர், எப்போது வருகிறார்கள், வந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் விழிக்கிறார். பதில் எழுத வேண்டுமானால் அவர் முதலில் நான்கு கேள்வி கேட்க வேண்டும். நம்முடைய பணிவுக்கு அவர் கொடுக்கும் விலை அது.

இந்த வகைக் கடிதம் முகவரியில் உள்ளவரோடு நிற்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். அவர் படித்துவிட்டு உதவியாளருக்கு அனுப்புவார். உதவியாளர் கூட்ட அறை பார்க்க வேண்டும், வாயில் காவலுக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது சட்டப் பிரிவுக்கோ மனிதவளப் பிரிவுக்கோ போகும். அழைப்புக் கடிதம் தயாரிப்பவர்கள் அவர்கள். அந்த அழைப்புக் கடிதம் தூதரகத்தில் விசா அதிகாரியின் கைக்குப் போகும். கடைசியில் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி ஒருவர் அதை வாங்கிப் புரட்டக்கூடும். திரும்பி வந்தபின் நம் கணக்குப் பிரிவும் கேட்கும். இத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கேள்வி இருக்கிறது. அதற்கெல்லாம் முதல் கடிதத்திலிருந்தே விடை கிடைத்துக்கொண்டிருந்தால், அடைமொழி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அதை மரியாதையான கடிதம் என்பேன்.

ஒரு வரைவை அப்படியே காட்டுகிறேன். சக ஊழியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி எடுத்து வந்தது, சாரம் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, உலகப் புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தைப் பற்றிப் பெரிதும் கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் குழு விரைவில் ஐரோப்பாவுக்கு வரவிருக்கிறது. அச்சமயம் தங்களைச் சந்தித்து இரு தரப்புக்கும் நன்மை தரும் விஷயங்களைப் பேச ஆவலாக உள்ளோம். தங்களுக்கு வசதியான நாளைத் தெரிவித்தால் மிக்க நன்றியுடையவர்களாக இருப்போம்."

தொனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'எங்கள் குழு' என்றால் இரண்டு பேரா, எட்டுப் பேரா? அறை பார்க்கிறவருக்கு அது தெரியணும். 'இரு தரப்புக்கும் நன்மை தரும் விஷயங்கள்' என்றால் எதிரே யாரை உட்கார வைப்பது, உற்பத்திப் பிரிவையா, விற்பனைப் பிரிவையா? எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரி. 'உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்' என்பது பணிவாகத்தான் ஒலிக்கிறது. உண்மையில் முழு நாட்காட்டியையும் அவர் தலையில் கட்டுகிற வேலை அது. அவர் ஒரு நாளைச் சொல்லி, நாம் அன்று வேறு நாட்டில் இருக்கிறோம் என்று எழுதினால் இன்னும் மோசம்.

உட்கார்ந்து மாற்றி எழுதினோம். புகழ்ச்சி போயிற்று. மிஞ்சியது இப்படி இருந்தது:

"உங்கள் புதிய உலர்த்தும் இயந்திரத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போது நேரில் பார்க்க விரும்புகிறோம். வருவது இருவர்: உற்பத்திப் பொறியாளர் ஒருவர், பராமரிப்புப் பிரிவின் தலைவர் ஒருவர். செப்டம்பர் 15 செவ்வாய் அல்லது 17 வியாழன், காலையில் இரண்டு மணி நேரம் போதும். அந்த வாரம் ஒத்துவராவிட்டால் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு எங்களால் மாற்றிக்கொள்ள முடியும். இப்போதைக்குப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். காணொளியில் பேசி ஓரளவு தெரிந்துகொள்வோம். பயணச் செலவும் தங்கும் செலவும் எங்களுடையவை. விசாவுக்கு உங்கள் அழைப்புக் கடிதம் வேண்டியிருக்கும். நாள் முடிவானதும் அதற்குத் தேவையான விவரங்களை ஒரே தாளில் அனுப்புகிறேன்."

இதில் மேலதிகாரி ஒரு வரியை அடிக்கச் சொன்னார். பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்றால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தோமே, அதை. "நாமே வழியைக் காட்டினா, அந்த வழியா போயிடுவாங்க சார்" என்றார். நான் விடவில்லை. மறுக்க நினைக்கிறவர் எப்படியும் மறுக்கத்தான் போகிறார். மறுப்பதற்கு வார்த்தை கிடைக்காதவர்தான் பதிலே போடாமல் இருந்துவிடுவார். நாம் இரண்டு வாரம் காத்திருந்து, நினைவூட்டி, மறுபடி காத்திருந்து, அதற்குள் விசா கேட்க வேண்டிய காலம் போய்விடும். கௌரவமாக மறுக்க இடம் விட்டால் முடியாது என்ற பதிலாவது சீக்கிரம் வந்து சேரும். இன்னொன்றும் உண்டு. மறுக்க இடம் இருக்கிற கடிதத்துக்குச் சம்மதம் சொல்கிறவர் மனதாரச் சொல்கிறார். அவர் ஒதுக்குகிற இரண்டு மணி நேரம் உண்மையான இரண்டு மணி நேரமாக இருக்கும்.

நாள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசாவான ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்; ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். நேர்முகத்துக்கு நாள் கிடைப்பது தனிக் கதை. இதையெல்லாம் பின்னோக்கிக் கூட்டினால், அடுத்த மாதம் வருகிறோம் என்று எழுதும் கடிதம் எதிராளியை அவசரப்படுத்தும் கடிதம் என்பது விளங்கும். அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் அங்கே விடுப்பில் இருப்பார். அவருக்காக நான்கு பேர் ஓடுவார்கள். நயமான வார்த்தைகள் எவ்வளவு போட்டாலும் அந்த ஓட்டத்தை ஈடுகட்ட முடியாது. மூன்று மாதம் முன்னால் எழுதப்பட்ட சாதாரண மெயில், மூன்று வாரம் முன்னால் எழுதப்பட்ட அலங்காரமான கடிதத்தைவிடப் பணிவானது.

எந்த வாரம் என்று கேட்பதற்கு முன், அந்த ஊர் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆகஸ்டில் பிரான்சிலும் இத்தாலியிலும் பல அலுவலகங்கள் பாதி காலியாக இருக்கும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை விடுமுறைகள் ஒன்றையொட்டி ஒன்று வரும். சீனாவில் அக்டோபர் முதல் வாரம் அப்படி. சந்திரப் புத்தாண்டையொட்டிய நாட்களும் அப்படித்தான். சவூதி அரேபியாவில் வார விடுமுறை 2013 முதல் வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அலுவலகங்கள் 2022 தொடக்கத்திலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன. வெள்ளி அரை நாள். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன ஆண்டு இந்தத் தேதியில் போனோமே என்று அதே தேதியை நீட்டக் கூடாது. ஒருவருடைய விடுமுறை நாளில் கூட்டம் கேட்பது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவரைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே வெளிப்பட்டுவிடும்.

தேதியை எண்களில் மட்டும் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். 05/06 என்று எழுதினால் ஒருவருக்கு ஜூன் ஐந்து, இன்னொருவருக்கு மே ஆறு. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதற்கு ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலை 1988 முதல் இருக்கிறது. கோப்புகளுக்கு அது அருமை. கடிதத்தில் எனக்கு மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதுவதுதான் பிடிக்கும். தேதியில் எழுத்துப்பிழை விழுந்தால் கிழமை ஒத்துப்போகாது; எதிராளி உடனே கேட்டுவிடுவார். மணிக்கும் இதே கதை. பத்து மணி என்றால் யாருடைய பத்து மணி? கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளோடு பேசும்போது மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறே மாற்றிவிடும். ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாற்றும். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரம், நியூயார்க்கோடும் பாரிசோடும் சேர்த்துப் பேசுவதாக வைத்திருந்த தொலைபேசி நேரமெல்லாம் குழம்பும். 'உங்கள் நேரப்படி' என்ற இரண்டு சொல் போதும்.

சரி, அவர்கள் சம்மதித்துப் பதில் எழுதிவிட்டார்கள். அமெரிக்க நிறுவனமென்றால் அதில் ஒரு கேள்வி வந்து நிற்கும், நம் ஆட்களில் சிலர் முகம் சுளிப்பார்கள்: வருகிறவர்களின் குடியுரிமை என்ன, பிறந்த நாடு எது, பாஸ்போர்ட் எண் என்ன? "விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு விசாரணை பண்றாங்களே" என்று ஒரு பொறியாளர் என்னிடம் கோபப்பட்டார். அது அவமதிப்பு இல்லை. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்க மண்ணிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும், அது அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே கருதப்படும். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதுகூட அந்த வரையறைக்குள் வரலாம். அதனால் அவர்கள் கேட்டே ஆக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து முறைப்போடு ஒரு பதில் போகவிருந்தது. அதை நிறுத்தி, கேட்டதை அட்டவணையாகப் போட்டு, படம் எடுக்க அனுமதி உண்டா, கைபேசியை வாயிலில் ஒப்படைக்க வேண்டுமா, பாதுகாப்புக் காலணி நாங்களே கொண்டு வர வேண்டுமா என்று மூன்று கேள்வியும் சேர்த்து அனுப்பினோம். விவரம் தெரிந்தவர்கள் வருகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த பதிலில் தொனியே இளகியிருந்தது.

பெயர் விஷயத்தில் பிடிவாதம் வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. விசிட்டிங் கார்டில் உள்ள பெயர், மெயிலில் உள்ள பெயர், அலுவலகத்தில் கூப்பிடும் பெயர், எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளை இயந்திரம் வாசிக்கிறது. ஒவ்வொன்றும் 44 இடம் கொண்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த வடிவம். ஜெர்மன் பெயரில் இரட்டைப் புள்ளி வைத்த 'யூ' அந்த வரியில் யு, இ என்று இரண்டு எழுத்தாகிவிடும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அமெரிக்க விசாவில் முன்பெயர் இடத்தில் 'எஃப் என் யு', அதாவது முன்பெயர் தெரியவில்லை என்று அச்சாகி வரும். அழைப்புக் கடிதம் எழுதுகிற ஆளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்க நகலை இணைத்துவிட்டு, பெயரைத் தனியாக ஒரு வரியில் தட்டச்சு செய்தும் கொடுத்துவிட்டால் அவர் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார். எதிராளியின் பெயருக்கும் இதே அக்கறை வேண்டும். ஹங்கேரியிலும் சீனாவிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ஊகிக்காமல் முழுப் பெயரையும் எழுதிவிடலாம்; யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அழைப்புக் கடிதம் அவர்களுடைய கடிதம், அதில் நாம் எப்படித் தலையிடுவது என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. தூதரகம் என்ன எதிர்பார்க்கிறது என்று விண்ணப்பிக்கிற நமக்குத்தான் தெரியும். அழைக்கிறவருக்கு அது ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் தொல்லை. சீனாவின் வணிக விசாவையே பாருங்கள். வருகிறவரின் பெயர், பாலினம், பிறந்த தேதி. வருகையின் நோக்கம், வரும் நாள், திரும்பும் நாள், போகிற இடங்கள், அழைப்பவருக்கும் வருகிறவருக்கும் என்ன தொடர்பு, செலவு யாருடையது. அழைக்கும் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி, முத்திரை, கையொப்பம், இத்தனையும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஜப்பானில் அழைப்பதற்கான காரணத்தைத் தனித் தாளில் எழுதுவதோடு, ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பார், என்ன செய்வார், எங்கே தங்குவார் என்று தேதிவாரியாக ஒரு அட்டவணையும் கொடுக்க வேண்டும். இதை ஒரு வரைவாகத் தயாரித்து, 'உங்கள் வசதிக்காக ஒரு மாதிரி இணைத்திருக்கிறேன், உங்கள் நடைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினால், பெரும்பாலும் லெட்டர்ஹெட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த 'மாற்றிக்கொள்ளுங்கள்' மட்டும் விட்டுப்போகக் கூடாது. அது இல்லையென்றால் உத்தரவு மாதிரி இருக்கும்.

வேண்டாத இடத்தில் கேட்டுத் தொந்தரவு செய்யவும் கூடாது. அமெரிக்கப் பார்வையாளர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் அவசியமில்லை என்று அவர்களுடைய வெளியுறவுத் துறையே சொல்கிறது. இருந்தும் பழக்கதோஷத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அங்கே கூட்டம் உறுதியானதைக் காட்டும் மெயிலும் நிகழ்ச்சி நிரலும் கையில் இருந்தால் நேர்முகத்தில் தெளிவாகப் பதில் சொல்ல உதவும், அவ்வளவுதான். ஒரே பயணத்தில் இரண்டு ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். முதன்மையாக எந்த நாட்டுக்குப் போகிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. இரண்டு நிறுவனங்களின் கடிதங்களிலும் தேதி ஒன்றோடொன்று மோதக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் நாம் ஒருவர்தான். இல்லையென்றால் விசா அதிகாரி.

அப்புறம் வினைச்சொற்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 'உங்கள் குழுவுக்கு உதவ வருகிறார்', 'சில நாட்கள் எங்களோடு பணியாற்றுவார்' என்றெல்லாம் நல்லெண்ணத்தில் எழுதுவார்கள். விசா அதிகாரிக்கு உதவி என்றாலும் பணி என்றாலும் வேலைதான். வணிகப் பார்வையாளராகப் போகிறவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம், கருத்தரங்கில் உட்காரலாம். அந்த நாட்டு நிறுவனத்தில் வேலை செய்து அங்கே ஊதியம் வாங்க முடியாது. அமெரிக்காவில் இதற்கு ஓர் இடைவழி உண்டு. வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தை நிறுவவோ பழுதுபார்க்கவோ, விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்தக் கடமை எழுதப்பட்டிருந்தால், விற்ற நிறுவனத்தின் ஆள் பி-1 என்ற வணிகப் பார்வையாளர் விசாவில் போகலாம். அப்படியென்றால் கடிதத்தில் 'உதவ' என்று மழுப்பக் கூடாது. இன்ன ஒப்பந்தத்தின்படி இன்ன இயந்திரத்தை நிறுவ வருகிறார், சம்பளம் இங்கேயே, என்று எழுத வேண்டும். உண்மையிலேயே அங்கே வேலை செய்யத்தான் போகிறார் என்றால், வார்த்தையை மாற்றிப் போட்டுப் பார்வையாளராக அனுப்புகிற கலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவருக்கு வேறு விசா வேண்டும். அதில் சிக்கினால் மாட்டிக்கொள்கிறவர் கவுண்டரில் நிற்கிற ஆள். எழுதிக் கொடுத்தவர்கள் மேசையில் இருப்பார்கள்.

பேச்சாளராகப் போகிறவர்களுக்குச் சன்மானம் ஒரு சங்கடம். பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கல்வித் துறையில் பலர் நினைக்கிறார்கள். அங்கே போய் ஒரு உறையை நீட்டினால் வாங்கலாமா கூடாதா என்பது விதியைப் பொறுத்தது. அமெரிக்காவில் கல்வி நிறுவனங்கள் தரும் சன்மானத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் போகக் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் ஏற்றிருக்கக் கூடாது. பிரிட்டனில் கட்டணம் பெறும் சில வகை நிகழ்ச்சிகள் 2024 ஜனவரியிலிருந்து சாதாரணப் பார்வையாளர் விசாவுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் பயணத்துக்கு முன்பே அழைப்பு உறுதியாகியிருக்க வேண்டும், நுழைந்த 30 நாளுக்குள் நிகழ்ச்சி முடிய வேண்டும். இதை அழைப்புக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி எழுத ஒரு வாக்கியம் போதும்: 'சன்மானம் எதுவும் உண்டென்றால், விசா விதிகளுக்காகக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் செலவுகளை எங்கள் நிறுவனமே ஏற்கும் என்று எழுதினால் போதும்.' இரண்டு பக்கமும் சங்கடம் இல்லாமல் விஷயம் முடிந்துவிடும். விதிகள் அவ்வப்போது மாறுகிறவை. பழைய கடிதத்தை நகலெடுப்பதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

விளிப்புக்கும் முடிவுரைக்கும் நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் அவ்வளவு உடைத்துக்கொள்வதில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் 'டியர் சர்' என்று பெயர் சொல்லாமல் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயரோடு தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பிரெஞ்சுக்காரர்கள் முடிவுரைக்கு ஒரு முழு வாக்கியமே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டாக்டர் பட்டத்தை விட்டுவிட்டால் சிலருக்குப் பிடிக்காது. ஜப்பானிய முறைக் கடிதம் பருவகாலத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். ஆங்கிலத்தில் எழுதும் வெளிநாட்டவரிடம் இந்த உள்ளூர் நுணுக்கங்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் கடிதத்தில் சற்று விறைப்பாக இருந்துவிட்டு, அவர் பதிலில் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அந்த அளவுக்கு நாமும் இறங்கினால் சரியாக இருக்கும். அவர் முதற்பெயரை மட்டும் போட்டு முடிக்கும்போது நாம் ஐந்தாவது மெயிலிலும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நின்றுகொண்டிருந்தால், வாசலிலேயே செருப்போடு நிற்கும் விருந்தாளியை உள்ளே வாங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற அலுப்புதான் அவருக்கு வரும்.

கையில் எடுத்துப் போகிற தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரலும் அழைப்புக் கடிதமும் அச்செடுத்து, பெட்டியில் இல்லாமல் கைப்பையில் இருக்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் இமிக்ரேஷன் கவுண்டரில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குப் பேச்சுவாக்கில் "நண்பரைப் பார்க்க" என்று சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் நிறுவனத்தில் அவருக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார்; அந்த நினைப்பு. விசாவோ வணிக விசா. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, தனி அறைக்கு அனுப்பி, கடைசியில் கடிதத்தில் இருந்த எண்ணுக்கே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுத்தான் விட்டார்கள். அங்கே எடுத்துப் பேசியது வரவேற்பு மேசையில் இருந்த பெண். அவரிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதிலிருந்து அழைப்புக் கடிதத்தில் பொது எண்ணோடு, வருகை விவரம் தெரிந்த ஒருவருடைய நேரடி எண்ணையும் போடச் சொல்லிக் கேட்கிறேன். மாதிரிப் பொருளோ அளவுக் கருவியோ எடுத்துப் போவதாக இருந்தால் சுங்கத்துக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் எடுக்கலாம். ஓராண்டு செல்லும், திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் அந்த முறை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அதில் உள்ள பொருள் பட்டியலும் கடிதத்தில் உள்ள விவரமும் ஒன்றாக இருக்கட்டும்.

எல்லாம் சரியாக நடக்கும் என்றும் இல்லை. விசா மறுக்கப்பட்டுவிட்டது என்று அழைத்தவருக்கு எழுத வேண்டி வரும். கோபம் சூடாக இருக்கும் அன்றே எழுதினால் தூதரகத்தைப் பற்றி ஒரு பத்தி புலம்பல் சேர்ந்துவிடும். அது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. தன்னுடைய கடிதத்தில்தான் குறையோ என்று அவரைக் கவலைப்படவும் வைக்கும். ஆனால் தாமதிக்கவும் முடியாது, அங்கே அறையும் ஆட்களும் நமக்காகக் காத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுப்பது ஐந்து வரிக்கு மேல் போகாது. விசா கிடைக்கவில்லை, உங்கள் கடிதத்தில் குறை எதுவும் இல்லை என்ற இரண்டும் முதல் வரியில். குறை உண்மையிலேயே கடிதத்தில் இருந்தால், எது விடுபட்டது என்பதைக் குற்றம் சாட்டாமல் சொல்லிவிட வேண்டும். மறுபடி விண்ணப்பிக்க அது வேண்டுமே. அடுத்து, குறித்த நாளை விடுவித்துக்கொள்ளுங்கள் என்பது. பிறகு, அதே நேரத்தில் காணொளியில் பேசலாமா, மறுபடி விண்ணப்பிப்பதாக இருந்தால் எப்போது, என்பது. கடைசியில் நன்றி. தள்ளிப்போடுவதற்கும் இதே அளவுதான். தள்ளிப்போடும்போது காரணத்தை நீளமாக விளக்குகிறவர்கள் புதிய தேதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்; படிக்கிறவருக்கு வேண்டியதோ அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபின் எழுதும் நன்றிக் கடிதத்தைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். எனக்கு எழுதப் பிடித்த கடிதம் அதுதான். ஊர் திரும்பிய மூன்று நான்கு நாளுக்குள் போய்விட வேண்டும். பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் சரி. பயணம் போனவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அங்கே யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பேன். முதலில் "எல்லாரும் நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்பார். விடாமல் கேட்டால் மெல்ல வரும்: உலர்த்தும் இயந்திரத்தின் பக்கவாட்டு மூடியை ஒருவர் எங்களுக்காகவே கழற்றிக் காட்டினார், இரண்டாவது ஷிஃப்ட் மேற்பார்வையாளர் தன் குறிப்பேட்டையே புரட்டி வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று சொன்னார், உதவியாளர் ரயில் தாமதமானதைக் கவனித்துக் கூட்டத்தை அரை மணி நேரம் தள்ளி வைத்தார். கடிதத்தில் இதுதான் இருக்க வேண்டும், பெயரோடு. 'தங்கள் அன்பான உபசரிப்புக்கு நன்றி' என்பதை எந்த ஊருக்கும் எந்த ஆளுக்கும் அனுப்பலாம். மூடியைக் கழற்றிக் காட்டியதற்கு நன்றி என்பதை அந்த ஒரு ஆளுக்குத்தான் எழுத முடியும். அவருடைய மேலதிகாரியும் அதைப் படிப்பார் என்பது கூடுதல் லாபம்.

அதோடு, அங்கே பேசும்போது வாக்குக் கொடுத்ததெல்லாம் அந்தக் கடிதத்தில் கணக்குத் தீர வேண்டும். ஈரப்பத அளவுகளை அனுப்புவதாகச் சொன்னீர்களா, இணைப்பில் இருக்கட்டும். இன்னும் தயாராகவில்லையா, எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள். அவர்கள் அனுப்புவதாகச் சொன்னது ஒன்று பாக்கி இருந்தால், அதைக் கடைசி வரியில் ஒரே ஒரு முறை குறிப்பிடலாம். இந்தக் கடிதத்துக்குள் அடுத்த ஆர்டரைப் பற்றியோ விலைக் குறைப்பைப் பற்றியோ கேட்கச் சொல்லி விற்பனைப் பிரிவிலிருந்து யாராவது வருவார்கள். அதைத் தனி மெயிலில், இரண்டு நாள் கழித்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். நகல் போகிறவர்கள் பட்டியலில் அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்த அந்த உதவியாளரின் முகவரியையும் சேர்த்துவிட்டு, பயணம் போனவரிடமே அனுப்பச் சொல்வேன். என் பெயர் அதில் எங்கும் இருக்காது.